1,00,000 ஃபேக்டோரியல்: எந்த மொழி வேகம்?

மார்ச் 3 – வாசகர் கேள்வி

1,00,000 ஃபேக்டோரியலை ஐந்து மொழிகளில் எழுதி ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே நிரல்தான்: 1-இல் தொடங்கி ஒவ்வோர் எண்ணாகப் பெருக்கிக்கொண்டே போகும் லூப், கடைசியில் விடையை அச்சிடுவது. சி-யும் ஜிஎம்பியும் (பெரிய எண் கணக்குக்கான லைப்ரரி) முதலிடம், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஹாஸ்கெல் ஜாவாவை முந்திவிட்டது. ரூபி பைத்தானைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. பைத்தான் கடைசி. இன்டர்பிரட்டர் மொழி, அதாவது நிரலை ஓடும்போதே படித்துப் படித்துச் செய்வது, என்பதால்தானே இப்படி? அப்படியென்றால் ரூபியும் இன்டர்பிரட்டர்தானே? பெரிய எண் வேலைக்கு எந்த மொழியை எடுப்பது?

மார்ச் 3, இரவு

இன்டர்பிரட்டருக்கும் இதற்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. உங்கள் லூப் சுற்றுவது 1 லட்சம் தடவை. பைத்தானுக்கு அது ஒரு பொருட்டே அல்ல; உள்ளே ஒன்றும் செய்யாத லூப்பாக ஓட்டினால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். நேரம் போவதெல்லாம் பெருக்கலுக்கு உள்ளே. அந்தப் பெருக்கல் பைத்தானில் எழுதியதல்ல, சி-யில் எழுதிக் கம்பைல் செய்தது, அதாவது முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றி வைத்தது.

ஹாஸ்கெலின் ஜிஹெச்சி கம்பைலர் வழக்கமாகக் கிடைக்கும் வடிவத்தில் ஜிஎம்பியைத்தான் அழைக்கிறது. ரூபியும் 2.1 பதிப்பிலிருந்து, கட்டும்போது ஜிஎம்பி கிடைத்தால் பெரிய பெருக்கல்களையும் பதின்மமாக மாற்றும் வேலையையும் அதனிடம் ஒப்படைத்துவிடும். பைத்தானும் ஜாவாவும் சொந்தமாக எழுதி வைத்திருக்கின்றன. ஆக, பட்டியலில் இருப்பது மொழிகளின் பெயர். போட்டி போட்டது லைப்ரரிகள்.

ஒரு வேலை செய்யுங்கள். அச்சிடும் நேரத்தைத் தனியாக அளந்து போடுங்கள். அது இல்லாமல் மேலே பேசிப் பயனில்லை.

மார்ச் 4, காலை

அச்சிடுவதை எதற்குப் பிரிக்க வேண்டும், திரையில் எழுத்து வர எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். திரை அல்ல பிரச்சினை. எண் மெமரியில் இருப்பது 2-இன் அடுக்குகளாக. நமக்கு வேண்டியது 10-இன் அடுக்குகளாக. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதுதான் வேலை, அது லேசான வேலை அல்ல.

1,00,000 ஃபேக்டோரியலில் 4,56,574 இலக்கங்கள். பைத்தான் இந்த எண்ணை 30 பிட் துண்டுகளாக வைத்திருக்கிறது. கிட்டத்தட்ட 50,500 துண்டுகள். பழைய முறையில் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, அதுவரை சேர்ந்திருக்கும் பதின்ம விடை முழுவதையும் ஒரு தடவை நடந்து வர வேண்டும். ஒன்பது ஒன்பது இலக்கமாக நடந்தாலும் மொத்தம் சுமார் 128 கோடி அடிகள், ஒவ்வோர் அடியிலும் 100 கோடியால் வகுக்க வேண்டியிருக்கிறது. இலக்கங்கள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும்.

ஜாவாவும் 7 வரை இப்படித்தான் இருந்தது. 2014-இல் ஜாவா 8 வந்தபோது, எண்ணை 10-இன் பெரிய அடுக்கால் இரண்டாக வெட்டி, பாதிகளையும் அதே மாதிரி வெட்டிக்கொண்டு போகும் முறைக்கு மாறினார்கள். பைத்தானில் அது வந்தது 3.12-இல்தான். உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு? ரூபி பைத்தானை முந்தியதில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 4, மதியம்

பதிப்பு 3.10, பழைய நிறுவல் என்கிறார். சரி, அப்படியானால் மேலே சொன்னது முழுக்கப் பொருந்தும். 2022 செப்டம்பருக்குப் பிறகு வந்த பதிப்பாக இருந்திருந்தால் நிரல் அச்சிடும் இடத்தில் பிழை காட்டி நின்றிருக்கும். 4,300 இலக்கங்களுக்கு மேல் போனால் முழு எண்ணைப் பதின்ம எழுத்தாக மாற்ற மாட்டேன் என்று பைத்தான் மறுக்கத் தொடங்கியது அப்போதுதான். காரணம் இதே நான்கு மடங்கு விவகாரம்: வெளியிலிருந்து யாரோ லட்சக்கணக்கான இலக்கங்களை அனுப்பி, அதை எண்ணாக மாற்றச் சொல்லியே ஒரு சர்வரைத் திணறடிக்க முடியும். அந்த வரம்பை உயர்த்தவோ நீக்கவோ சிஸ் மாட்யூலில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது.

16 அடிமானத்தில் அச்சிட்டால் இந்த வரம்பும் இல்லை, தாமதமும் இல்லை. நான்கு நான்கு பிட்டாக எடுத்து எழுதினால் போதும். ஐந்து மொழிகளின் விடையும் ஒன்றுதானா என்று பார்க்க அதுவே போதுமானது. பதின்மத்தில் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் கடைசியில் 24,999 பூச்சியங்கள் இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) போடுபவர்கள் நேரத்தை மைக்ரோ நொடி வரைக்கும் எழுதிவிட்டு, விடை சரிதானா என்று பார்க்காமல் விடுவதை அடிக்கடி பார்க்கிறேன். தப்பான விடையை வேகமாகத் தருவது யாருக்கும் கடினமில்லை.

மார்ச் 5

இனி லூப். இதை எண்களோடு பார்த்தால் விளங்கும்.

கடைசிச் சுற்றுகளில் நம் எண்ணின் நீளம் ஏறத்தாழ 15.17 லட்சம் பிட். ஜிஎம்பி அதை 64 பிட் துண்டுகளாக, அதன் பாஷையில் லிம்ப்களாக, வைக்கிறது: சுமார் 23,700. ஜாவாவின் பிக்இன்டிஜர் 32 பிட்டாக: சுமார் 47,400. பைத்தான் 30 பிட்டாக: சுமார் 50,500. ஒவ்வொரு சுற்றிலும் இந்த முழு வரிசையையும் ஒரு சின்ன எண்ணால் பெருக்க வேண்டும். லூப் முழுவதற்கும் கூட்டினால் ஜிஎம்பிக்கு ஏறக்குறைய 113 கோடி லிம்ப் பெருக்கல், பைத்தானுக்கு 240 கோடி. அல்காரிதம் ஒன்றே. துண்டின் அகலம் மட்டும் வேறு, அதற்கே இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

பெரிய எண்ணைப் பெரிய எண்ணால் பெருக்கும்போது இதே அகலம் இன்னும் கொடுமையாக அடிக்கும். இரண்டு பக்கமும் துண்டுகள் கூடுவதால் பள்ளிக்கூட முறையில் நான்கு மடங்குக்கு மேல்.

அப்புறம் மெமரி. ஜாவாவிலும் பைத்தானிலும் பெரிய எண் மாறாத பொருள். ஒவ்வொரு பெருக்கலும் புது எண்ணை உண்டாக்குகிறது. கடைசியில் அந்த எண் ஒவ்வொன்றும் 190 கேபி. லூப் முடிவதற்குள் உண்டாக்கி எறிந்தது மொத்தம் சுமார் 9 ஜிபி. ஜிஎம்பியில் அதே இடத்திலேயே பெருக்கிக்கொண்டு போகலாம், எப்போதாவது இடம் பற்றாமல் போனால்தான் நீட்ட வேண்டும். கோ மொழியின் பிக் லைப்ரரியும் விடையை எங்கே வைப்பது என்று நம்மையே சொல்லச் சொல்கிறது. எழுதப் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் இந்த மாதிரி லூப்பில் அது காப்பாற்றும்.

மார்ச் 5, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று, அதுதான் முக்கியமானது. இந்த லூப் பெரிய எண் லைப்ரரியின் கெட்டிக்காரத்தனம் எதையும் சோதிப்பதே இல்லை. பெரிய எண்ணை ஒற்றை லிம்ப்பால் பெருக்குவதற்கு நாம் ஐந்தாம் வகுப்பில் கற்ற முறைதான் ஒரே வழி. ஜிஎம்பியில் 1991 முதல் சேர்ந்திருக்கும் அத்தனை அல்காரிதமும் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கின்றன. ஃபிபனாச்சியைக் கூட்டிக் கூட்டிக் கணக்கிடும் பெஞ்ச்மார்க்குகளும் இதே ரகம்: அங்கே பெருக்கலே கிடையாது, கூட்டலை மட்டும் அளக்கிறார்கள்.

லூப்புக்குப் பதிலாக 1 முதல் 1,00,000 வரை நடுவில் பிளந்து, இரண்டு பாதியின் பெருக்கற்பலனையும் தனித்தனியே கண்டு, கடைசியில் பெருக்குங்கள். பாதிகளையும் அப்படியே பிளந்துகொண்டு போங்கள். எழுத நாலைந்து வரிதான். இப்போது பெருக்கப்படும் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒரே நீளம், அப்போதுதான் வேகமான பெருக்கல் வேலைக்கு வரும். பைத்தானின் மேத் மாட்யூலில் இருக்கும் ஃபேக்டோரியல் உள்ளுக்குள் இப்படிப் பிளந்துதான் செய்கிறது. நீங்கள் எழுதிய லூப்பையும் அதையும் ஒரே பைத்தானில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். மொழிக்கும் மொழிக்கும் நீங்கள் கண்ட வித்தியாசத்தைவிட ஒரே மொழிக்குள் வரும் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

மார்ச் 7

"வேகமான பெருக்கல்" என்றால் என்ன, பெருக்கல் பெருக்கல்தானே என்று கேட்டவருக்காக.

4731 × 2586 எடுத்துக்கொள்வோம். 47, 31 என்றும் 25, 86 என்றும் வெட்டுங்கள். பள்ளிக்கூட முறையில் நான்கு சிறு பெருக்கல்கள் வேண்டும். கரட்சூபா முறையில் மூன்றே போதும்:

47 × 25 = 1175
31 × 86 = 2666
(47+31) × (25+86) = 78 × 111 = 8658

மூன்றாவதிலிருந்து முதல் இரண்டையும் கழித்தால் 4817. அது நடுப்பகுதி. 1175-ஐப் பத்தாயிரத்தின் இடத்திலும், 4817-ஐ நூறின் இடத்திலும், 2666-ஐ அப்படியேயும் வைத்துக் கூட்டினால் 1,22,34,366. நேராகப் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பெருக்கல் மிச்சம், பதிலுக்குச் சில கூட்டல் கழித்தல். நான்கு இலக்கத்துக்கு இது வீண் வேலை. ஆனால் வெட்டிய பாதிகளையும் அதே முறையில் வெட்டிக்கொண்டே போனால் மிச்சம் பெருகிக்கொண்டே வரும். 1960-இல் மாஸ்கோவில் கோல்மகோரோவ் நடத்திய ஒரு கருத்தரங்கில், இலக்கங்களின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்குக் குறைவாகப் பெருக்கவே முடியாது என்ற ஊகத்தை அவர் முன்வைத்தார். அங்கிருந்த 23 வயது மாணவர் கரட்சூபா ஒரு வாரத்துக்குள் அதை உடைத்துக் காட்டினார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் பெருக்கி வருகிறார்கள், இந்த ஒரு மூன்றாவது பெருக்கலை அதுவரை யாரும் இப்படிப் பயன்படுத்திப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் டூம், குக் இருவரின் முறை. எண்ணை மூன்றாகவும் அதற்கு மேலும் வெட்டுவார்கள். 1971-இல் ஷோன்ஹாகே–ஸ்ட்ராசன் முறை, எஃப்எஃப்டி என்ற வேகமான ஃபூரியர் மாற்றத்தைப் பெருக்கலுக்குக் கொண்டு வந்தது.

யாரிடம் எது இருக்கிறது என்பதுதான் உண்மையான பட்டியல். பைத்தானின் முழு எண்ணில் கரட்சூபாவோடு சரி. கோ-விலும் அப்படியே. ஜாவா 8 முதல் கரட்சூபாவும் மூன்றாக வெட்டும் டூம்–குக்கும் உண்டு, எஃப்எஃப்டி இல்லை. குரோமுக்குள் இருக்கும் வி8 இன்ஜினின் பிக்இன்ட் 2021-இல் எஃப்எஃப்டி வரைக்கும் போய்விட்டது. ஜாவாஸ்கிரிப்ட் என்றதும் இளக்காரமாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜிஎம்பியில் எல்லாமே உண்டு.

மார்ச் 7, சற்று கழித்து

உள்ளே எந்த அல்காரிதம் ஓடுகிறது என்று சோர்ஸ் கோடைப் படிக்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி. இரண்டு பெரிய எண்களைப் பெருக்கி நேரம் எடுங்கள். இரண்டின் நீளத்தையும் இரட்டித்து மறுபடி எடுங்கள். நேரம் நான்கு மடங்கானால் பள்ளிக்கூட முறை. மூன்று மடங்கானால் கரட்சூபா. 2.76 அளவில் நின்றால் மூன்றாக வெட்டும் டூம்–குக். இரண்டைச் சற்றே தாண்டினால் எஃப்எஃப்டி.

கணினி பழசா புதுசா என்பதெல்லாம் இதில் அடிபட்டுப் போகும், ஏனென்றால் இது விகிதம். நொடிக் கணக்கை வைத்து மொழிகளை வரிசைப்படுத்துவதைவிட இந்த ஒரே எண் எனக்கு அதிகம் சொல்கிறது. ஒரு கோடி இலக்கத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்று ஓட்டாமலேயே சொல்லிவிடலாம்.

ஜாவாவுக்கு மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை: முதல் சில சுற்றுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஓடும்போதே கம்பைல் செய்யும் அதன் ஜிட் சூடாகட்டும்.

மார்ச் 8

"2-இன் 10 லட்சமாவது அடுக்கைப் போட்டுப் பார்த்தேன், ஜாவா மின்னல்" என்று ஒருவர் பெருமையாகப் போட்டிருக்கிறார். ஐயா, அங்கே பெருக்கலே நடக்கவில்லை. ஜாவாவின் அடுக்குக் கணக்கு, அடியெண்ணில் உள்ள 2-களை முதலில் உருவி எடுத்துவிடும். 2-இல் 2-ஐ உருவினால் மிஞ்சுவது 1. அந்த 1-ஐ 10 லட்சம் இடம் தள்ளிவைத்தால் விடை. பைத்தான் அந்தக் குறுக்குவழியில் போகாமல் நிஜமாகவே வர்க்கம் எடுத்துக்கொண்டு போகிறது. 3-இன் 10 லட்சமாவது அடுக்கைப் போடுங்கள். 4,77,122 இலக்கங்கள் வரும், குறுக்குவழி எதுவும் உதவாது.

மார்ச் 9

"அப்படியானால் நானே சி-யில் ஒரு பெரிய எண் லைப்ரரி எழுதிவிட்டால்? சி-தானே எல்லாவற்றிலும் வேகம்?"

எழுதுங்கள், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் சி-யின் கை கட்டப்பட்டிருக்கிறது. "ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்து போட்டு கையில் ஒன்று" என்கிறோமே, அந்தக் கையில் ஒன்றை ப்ராசஸர் ஒரு தனி பிட்டில் வைத்திருக்கிறது. அதையும் சேர்த்துக் கூட்டுவதற்கென்றே எக்ஸ்86 (இன்டெல் வகை) ப்ராசஸர்களில் ஒரு கட்டளை ஆதியிலிருந்தே உண்டு. இன்டெல் 2013-இல் ஹாஸ்வெல்லிலும் 2014-இல் பிராட்வெல்லிலும் இதே வேலைக்கென்று இன்னும் சில கட்டளைகளைச் சேர்த்தது: ஒன்று அந்த பிட்டைத் தொடாமல் பெருக்கும், மற்ற இரண்டும் இரண்டு கேரி (கையில் நிற்பது) சங்கிலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடும். சி மொழியில் அந்த பிட்டை எட்டித் தொடுவதற்கு வார்த்தையே கிடையாது. கூட்டிவிட்டு, விடை கூட்டப்பட்ட எண்ணைவிடச் சிறியதாகிவிட்டதா என்று ஒப்பிட்டுத்தான் கேரியைக் கண்டுபிடிக்க வேண்டும். சில சமயம் கம்பைலர் புரிந்துகொண்டு நல்ல கட்டளையைப் போடும், சில சமயம் போடாது.

அதனால்தான் ஜிஎம்பியின் அடிமட்ட லூப்கள் ஒவ்வொரு ப்ராசஸர் குடும்பத்துக்கும் தனித்தனியாக அசெம்பிளியில், அதாவது ப்ராசஸர் கட்டளைகளாகவே, கையால் எழுதப்பட்டிருக்கின்றன. பைத்தான் 30 பிட்டோடு நிறுத்திக்கொண்டதற்கும் இதுவே பின்னணி: இரண்டு 30 பிட் எண்ணின் பெருக்கற்பலன் 60 பிட், கேரியையும் சேர்த்து 64 பிட்டுக்குள் அடங்கிவிடும், எந்தக் கணினியிலும் சாதாரண சி-யில் ஓடும். வேகத்தை விட்டுக்கொடுத்து, எங்கும் ஓடும் தன்மையை வாங்கியிருக்கிறார்கள். அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன்.

கோ 1.12 இந்த இடத்தில் செய்ததை நான் மெச்சுகிறேன். கேரியோடு கூட்டுவதற்கும் 64-ஐ 64-ஆல் பெருக்கி 128 பிட் விடை பெறுவதற்கும் நேரடி ஃபங்ஷன்கள் கொடுத்தார்கள். கம்பைலர் அவற்றை அந்தந்த ப்ராசஸர் கட்டளையாகவே மாற்றிவிடும். இதை மொழியின் வேகம் என்று தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் இங்கே மொழியே முன்வந்து வழி விட்டிருக்கிறது.

மார்ச் 10

ஜிஎம்பி இவ்வளவு நன்றாக இருந்தால் எல்லோரும் அதையே வைத்துக்கொள்ளலாமே? இரண்டு தடைகள். ஒன்று உரிமம்: எல்ஜிபிஎல், நிபந்தனைகள் உள்ள திறமூல உரிமம். தங்கள் மொழியை எல்லோரும் எதற்குள்ளும் சேர்த்துக் கட்டிக்கொள்ளட்டும் என்று நினைப்பவர்களுக்கு அது இடைஞ்சல். ஜிஹெச்சியில் ஜிஎம்பி இல்லாத மாற்று வடிவமும் இருப்பதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது, மெமரி கிடைக்காவிட்டால் ஜிஎம்பி பிழையைத் திருப்பித் தராது, ப்ராசஸையே நிறுத்திவிடும். தனி நிரலுக்குப் பரவாயில்லை. நாள் முழுக்க ஓடும் சர்வருக்குள் உட்கார்ந்திருக்கும் மொழிக்கு இது பெரிய ஆபத்து.

பைத்தானில் வேண்டுமென்பவர்கள் ஜிஎம்பிஒய்2 போட்டுக்கொள்ளலாம், ரஸ்டில் ரக். பெர்லின் பிக்இன்ட் மாட்யூல் வழக்கமாகப் பெர்லிலேயே கணக்குப் போடும். ஜிஎம்பியை முயன்று பார் என்று மேலே ஒரு வரி சேர்த்தால், கீழே ஓர் எழுத்தும் மாறாமல் நிரல் வேறு வேகத்தில் ஓடும். அந்த வரிக்கு முன்னாலும் பின்னாலும் மொழி ஒன்றுதான்.

மார்ச் 12

"அப்படியானால் மொழி எதுவானாலும் ஒன்றுதான் என்கிறீர்களா" என்று சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். இல்லை. எண் சின்னதாக இருக்கும்போது மொழி பளிச்சென்று தெரியும்.

256 பிட் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு லிம்ப். அப்படி இரண்டைப் பெருக்கப் பதினாறு பெருக்கல் கட்டளைகள், அவ்வளவுதான். பைத்தானில் அந்த எண் ஒரு பொருள்: 24 பைட் தலைப்பு, அதற்குப் பின் ஒன்பது துண்டுகள், ஆக 60 பைட். பெருக்க வேண்டுமென்றால் இது என்ன வகை என்று பார்க்க வேண்டும், பெருக்கும் ஃபங்ஷனைத் தேட வேண்டும், விடைக்கு மெமரி கேட்க வேண்டும், பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிஜக் கணக்கு இதற்கெல்லாம் நடுவில் எங்கோ ஓர் ஓரத்தில் நடக்கிறது. ஜூலியா உள்ளே ஜிஎம்பியைத்தான் வைத்திருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு விடைக்கும் புது மெமரி கேட்பதால் சின்ன எண்களில் அந்த வேகம் முழுசாகக் கைக்கு வராது. சி++-இலோ ரஸ்டிலோ நான்கு 64 பிட் சொல் கொண்ட அணியாக ஸ்டாக்கில் (ஃபங்ஷனுக்கென்று தயாராக இருக்கும் மெமரியில்) வைத்துக்கொண்டால் மெமரி கேட்கும் பேச்சே இல்லை. அங்கே ஜிஎம்பியைக்கூட முந்தலாம்.

ஆக, சில லிம்ப்களில் மொழி. சில நூறு லிம்ப்களில் அசெம்பிளியும் துண்டின் அகலமும். ஆயிரங்களைத் தாண்டினால் அல்காரிதம் மட்டுமே. உங்கள் வேலையின் எண்கள் இந்த மூன்றில் எங்கே விழுகின்றன என்று தெரியாமல் மொழியைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

மார்ச் 12, இரவு

ஒரு பழைய வேலை ஞாபகம் வருகிறது. சமன்பாடுகளின் ஒரு பெரிய தொகுதியைத் துளிப் பிழையும் இல்லாமல், பின்னங்களாகவே வைத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. பைத்தானில் எழுதிய நிரல் நகரவே இல்லை. குழுவில் எல்லோரும் ஜாவாவுக்கு மாற்றலாம் என்றார்கள், மாற்றினோம். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. அப்புறம் நேரம் எங்கே போகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரைப் போட்டுப் பார்த்தபோது நேரத்தில் பெரும்பகுதி மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடிப்பதில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் பின்னத்தைச் சுருக்குகிறோம், அதற்காக ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்கு. பின்னமே வராமல் முழு எண்களாலேயே நீக்கிக்கொண்டு போகும் பேரைஸ் முறை 1968 முதல் இருக்கிறது. அதற்கு மாற்றினோம். வகுத்தல் ஒவ்வொன்றும் மீதியின்றி முடியும், எண்களும் கட்டுக்குள் நிற்கும். அதைப் பைத்தானிலேயே திரும்ப எழுதியபோது பழைய ஜாவா நிரலைச் சர்வ சாதாரணமாகத் தாண்டிவிட்டது.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் உண்டு. "மொழியை மாற்று" என்பது கேட்டவுடன் புரிகிற யோசனை, அதனாலேயே மாதக்கணக்கில் உழைப்பைத் தின்றுவிடுகிறது.

மார்ச் 14

பை மதிப்பை வைத்து ஒப்பிடலாமா என்ற கேள்வி. ஒப்பிடலாம், நான் பார்த்தவற்றில் அதுதான் நியாயமான சோதனை. சுட்னோவ்ஸ்கி சகோதரர்களின் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு, மேலே ஃபேக்டோரியலுக்குச் சொன்ன மாதிரி நடுவில் பிளந்து கணக்கிட்டால், பெரிய பெருக்கல், பெரிய வகுத்தல், வர்க்கமூலம், பதின்மமாக மாற்றுதல் நான்கும் ஒரே நிரலில் சோதனைக்கு வந்துவிடும். ஓர் உறுப்புக்கு 14 இலக்கங்களுக்கு மேல் கிடைக்கும். அதற்கு முன்னோடி இராமானுஜன் 1914-இல் வெளியிட்ட தொடர்கள். அவற்றில் ஒன்றை வைத்துத்தான் 1985-இல் காஸ்பர் 1.7 கோடி இலக்கங்களைத் தாண்டினார்.

வகுத்தலையும் மறக்காதீர்கள். பெருக்கலில் கரட்சூபா வைத்திருந்தும் வகுத்தலில் பள்ளிக்கூட முறையோடு நிற்கும் லைப்ரரிகள் இருக்கின்றன. பைத்தானே 3.12 வரை அப்படித்தான்.

இராமானுஜன் பேர் வந்ததால் இன்னொன்று. 2019-இல் ஹார்வி, வான் டெர் ஹூவன் இருவரும் பெருக்கலுக்கு ஷோன்ஹாகேயும் ஸ்ட்ராசனும் ஊகித்த எல்லையைத் தொட்டுவிட்டார்கள்: இலக்கங்களின் எண்ணிக்கையை அதன் லாகரிதத்தால் பெருக்கினால் வரும் அளவு. அந்தக் கட்டுரையில் 1729 பரிமாணத்தில் எஃப்எஃப்டி போடுகிறார்கள், இராமானுஜன் கதையில் வரும் அதே டாக்ஸி எண்தான். அந்த முறை வேலைக்கு வருவதற்கு எண்ணின் நீளமே 2-இன் (1729^12)-ஆவது அடுக்கு பிட் இருக்க வேண்டும் என்று நிரூபணம் எடுத்துக்கொள்கிறது. பிரபஞ்சத்தில் எழுதிவைக்க இடமில்லாத எண். எந்த லைப்ரரியிலும் இது வரப்போவதில்லை. ஆனாலும் படித்த அன்று மனசு நிறைந்துவிட்டது.

மார்ச் 18

கேள்வி கேட்டவர் மறுபடி ஓட்டி, அச்சிடுவதைப் பிரித்து, பிளந்து பெருக்கும் முறையில் முடிவுகளைப் போட்டிருக்கிறார். நன்றி. ஐந்து மொழியிலும் பெருக்கும் நேரம் படுத்துவிட்டது, பைத்தானில் மிஞ்சியது முழுக்க அச்சிடும் நேரம். இனி அங்கே பெருக்கலை எவ்வளவு சீராக்கினாலும் பிரயோசனமில்லை.

3.12-க்குப் போக முடியாது, அலுவலகக் கணினி என்கிறார். அப்படியானால் டெசிமல் மாட்யூலை முயன்று பாருங்கள். பைத்தான் 3.3 முதல் அது லிப்எம்பிடெக் என்ற சி லைப்ரரியின் மேல் ஓடுகிறது. எண்ணை 64 பிட் கணினியில் 19 பதின்ம இலக்கத் துண்டுகளாகவே வைத்திருப்பதால் அச்சிடும்போது மாற்றும் வேலையே இல்லை. மிகப் பெரிய எண்களைப் பெருக்க எஃப்எஃப்டியின் முழு எண் வடிவத்தையும் வைத்திருக்கிறது. அதாவது பைத்தானின் சாதாரண முழு எண்ணில் இல்லாத பெருக்கல், பக்கத்து மாட்யூலில் இத்தனை வருஷமாக இருக்கிறது. 3.12-இன் புது மாற்றும் முறையும் உள்ளே இதைத்தான் கூப்பிடுகிறது.

தொடங்கும் முன் துல்லியத்தை அந்த மாட்யூல் அனுமதிக்கும் உச்சத்துக்கு வைத்துவிடுங்கள், அடுக்கின் மேல்வரம்பையும் சேர்த்து. வைக்காவிட்டால் 28 இலக்கத்தோடு முழுமையாக்கிவிட்டு ஒரு சத்தமும் இல்லாமல் போய்விடும். கீழ்மட்டத்தில் சின்ன எண்களைச் சாதாரண முழு எண்ணாகவே பெருக்கி, சில ஆயிரம் பிட்டைத் தாண்டியபின் டெசிமலுக்கு மாற்றுங்கள். அந்த எல்லை உங்கள் கணினியில் எங்கே என்பதை நீங்கள்தான் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.